தை மாசத்துப் பனியும் ஒரு வண்டித்தடமும்

எங்கள் ஊரில் குளிர் என்று ஒன்று கிடையாது. இருப்பதாக நினைத்துக்கொள்கிற ஆட்கள்தான் உண்டு. வருஷம் முழுக்க வெயிலில் வெந்து கிடப்பார்கள். தை மாசத்தில் காலையில் கொஞ்சம் பனி இறங்கிவிட்டால் போதும், ஊரே காஷ்மீருக்குக் குடிபோன மாதிரி ஆகிவிடும். மளிகைக் கடையில் தூசு படிந்து தொங்கும் குரங்குக் குல்லாக்கள் ஒரே நாளில் விற்றுத் தீரும். கழுத்தில் மப்ளர், காதில் பஞ்சு, உள்ளே பனியன், மேலே சட்டை, அதற்கும் மேலே பெண்டாட்டியின் பழைய சால்வை. இத்தனையும் மாட்டிக்கொண்டு டீக்கடைக்கு வந்து, கையை அக்குளில் செருகி நின்றுகொண்டு, "இந்த வருசம் சாஸ்திங்க" என்பார்கள். போன வருஷமும் அதைத்தான் சொன்னார்கள்.

தேங்காய் எண்ணெய் உறைந்துபோன சேதியை ஒவ்வொரு வீட்டுக்காரரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். மகன் கலெக்டர் ஆகிவிட்டதைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, "எங்க ஊட்டுல பாட்டிலோட கல்லாட்டம் ஆயிப்போச்சுங்க" என்பார். இன்னொருவர் தன் வீட்டில் நெய்யும் சேர்ந்து உறைந்ததாகச் சொல்லி அவரை மிஞ்சுவார். அதே பனியில், அதே நேரத்தில், இவர்கள் வீட்டுப் பெண்கள் வெறும் சேலையோடு எருமைக்கடியில் குந்திப் பால் கறந்துகொண்டிருப்பார்கள். அவர்களுக்கு மட்டும் குளிராது போலிருக்கிறது.

என் வீட்டுக்காரர் போர்வெல் தோண்டும் ரிக் லாரியில் வேலை செய்கிறார். வடக்கே எங்கேயோ போர் போட்டுக்கொண்டிருப்பார். தையில் ஊரில் இருந்ததே கிடையாது. இந்தக் கதை நடந்த வாரம் போன் செய்தபோது, இரும்புக் குழாயைத் தொட்டால் கை ஒட்டிக்கொள்கிறது என்று சொன்னார். எங்கள் ஊர்க்காரர்கள் குல்லா போட்டிருக்கிறார்கள் என்று நான் சொன்னதும் சிரித்தார், சிரித்து இருமினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குச்சிக்கிழங்குக் காட்டை நான் ஒருத்தியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குச்சிக்கிழங்கு என்றால் மரவள்ளி. அந்தக் கிழங்கைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும். நட்டு, களை வெட்டி, தண்ணீர் கட்டி, பன்றி வராமல் காவல் காத்து, கிட்டத்தட்ட ஒரு வருஷம் வளர்க்கிற பயிர் அது. மண்ணுக்குள் இருக்கிறவரை பத்திரம். பிடுங்கிவிட்டால் உடனே ஜவ்வரிசி ஆக்கும் சேகோ மில்லுக்குப் போய்விட வேண்டும். அப்படியே கிடந்தால் உள்ளே கறுப்புக் கறுப்பாய்க் கோடு விழுந்துவிடும். மில்லில் ஒரு கிழங்கை எடுத்து உடைத்துப் பார்த்துவிட்டு லாரியை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு அது மாட்டுக்குக்கூட ஆகாது.

என் காட்டுக்கு ரோட்டிலிருந்து நேரே வழி இல்லை. முன்னால் இருப்பது மூத்தாருடைய காடு. என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன், எனக்கு மூத்தார் முறை. அந்தக் காட்டின் ஓரமாக ஒரு வண்டித்தடம் உண்டு. என் மாமனார் காலத்திலிருந்தே அதில்தான் எங்கள் வண்டி போகிறது. பத்திரத்தில் கிடையாது, மண்ணில்தான் உண்டு.

மூத்தார் என்னிடம் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். தம்பி பெண்டாட்டியோடு நேருக்கு நேர் பேசக்கூடாது என்பது இங்கே மரியாதை. பக்கத்தில் எருமை நின்றால் எருமையைப் பார்த்துப் பேசுவார். எருமை இல்லாவிட்டால் சுவர். பதில் மட்டும் நான் சொல்ல வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் என்னிடம் சொன்னதை எல்லாம் ஏதோ ஒரு மாடு என்னைவிட உற்றுக் கேட்டிருக்கிறது.

பொங்கல் முடிந்த வாரம் பனி உண்மையிலேயே கெட்டியாக இறங்கியது. அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். காலை சாப்பாட்டு நேரம்வரை எதிரே இருக்கிற தென்னை தெரியாது. பைபாஸில் லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. கோழிப்பண்ணைகளில் சுற்றிலும் படுதா கட்டித் தொங்கவிட்டார்கள். இதுதான் சமயம் என்று மூத்தார் குல்லாவோடு தன் காட்டில் நின்று ஒரு போட்டோ எடுத்து, ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கீழே, "எங்கள் ஊர் மினி ஊட்டி. இயற்கை அன்னையின் கொடை" என்று எழுதியிருந்தது. போட்டோவில் அவருக்குப் பின்னால் பனிக்குள் மங்கலாகத் தெரிந்தது அவர் வீட்டுக் குப்பைக்குழி.

ஆளாளுக்குக் கும்பிடு போட்டார்கள், பூங்கொத்து அனுப்பினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. வாய்ஸ் மெசேஜ் போட்டேன். "ஏனுங்க மாமா, ஊட்டியில ரோசாப்பூ தெரியுமுங்க. இங்க உங்க குப்பைக்குழியில்லீங்களா தெரியுது? அந்தப் பக்கம் இன்னங் கொஞ்சம் பனியைத் தள்ளி உடச் சொல்லுங்க" என்றேன். குழுவில் சிரிப்புப் பொம்மைகளாக வந்து விழுந்தன. கோயமுத்தூரில் வேலை பார்க்கும் அவருடைய சொந்த மகனும் ஒன்று அனுப்பினான். அதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். சொன்னதற்கு எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை.

மறுநாள் காலையில் என் காட்டில் கிழங்கு பிடுங்கும் ஆட்கள் இறங்கினார்கள். பனிக்குள் எங்கேயோ டிராக்டர் ஓடும் சத்தம் கேட்டது. மூத்தார் எள்ளுக்கு உழுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். வெயில் வந்து பனி கலைந்தபோது பார்த்தால் தடத்தைக் காணோம். அவர் காட்டு ஓரத்திலிருந்து என் வரப்புவரை ஒரே உழவு. என் பின்னால் பிடுங்கிப் போட்ட கிழங்கு மேடு மேடாகக் கிடந்தது. மில்லில் எனக்கு முறை மறுநாள் காலை. தம்மம்பட்டிப் பக்கத்திலிருந்து லாரிக்கும் சொல்லியாகிவிட்டது.

ஓடினேன். மூத்தார் வாசலில் தென்னமட்டையைக் கொளுத்தி அனல் காய்ந்துகொண்டிருந்தார். அப்போது வெயில் நன்றாகவே அடித்துக்கொண்டிருந்தது. தலையில் குல்லா இருந்தது.

"ஏனுங்க மாமா, தடத்தை உழுதுபோட்டீங்களே. கிழங்கு பிடுங்கிக் கெடக்குதுங்க" என்றேன்.

அவர் எருமையைப் பார்த்தார். "தடம் உடறதுக்கு நான் ஆரு அம்மிணி? எல்லாம் ஐயன் கையில இருக்குது. நாளைக்குக் காலையில கெடாயை நிறுத்திக் கேப்போம். துலுக்குச்சுன்னா உட்டர்றேன்."

துலுக்கு என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. கிடாய்க்கு மாலை போட்டு முனியப்பன் முன்னால் நிறுத்தி, தலையிலிருந்து மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் ஐயன் உத்தரவு கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். உதறாமல் நின்றால் இல்லை. எங்கள் பக்கத்தில் வெட்டுவதற்கு மட்டுமல்ல, எதற்கெடுத்தாலும் இப்படிக் கேட்பார்கள். பெண் எடுக்க, லாரி வாங்க, போர் போட. மூத்தார் காட்டில் இரண்டாவது போர் போடுவதற்கும் கேட்டார்கள். கிடாய் நன்றாகவே உதறியது. குழாயில் புழுதிதான் வந்தது. அதற்காக ஒருவரும் கிடாயைக் கோபித்துக்கொள்ளவில்லை, கறி நன்றாக இருந்தது என்றார்கள்.

ஊர்ப் பெரியவர்கள் ஒவ்வொருவர் வாசலிலும் போய் நின்றேன். எல்லோரும் ஒரே பாட்டுத்தான் பாடினார்கள். "ஐயன்கிட்டப் போயிருச்சில்லீங்க, இனி நாங்க பேசறது தப்பு." அவர்கள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பங்காளியைப் பார்த்து, நீ செய்தது தப்பு என்று சொல்ல வாயில்லாதவர்களுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? ஓர் ஆட்டுக்கு இருக்கிற பொறுப்பு இவர்களுக்கு இல்லை. வீட்டுக்காரரைக் கூப்பிட்டால் அவரும், "பெரியவரைப் பகைச்சுக்காத, சாமி பாத்துக்கும்" என்றார். போனை வைத்துவிட்டேன்.

மூத்தாரின் பெண்டாட்டியை நான் அக்கா என்பேன். அதிகம் பேசாதவர். பொழுது சாயும் நேரத்தில் வரப்பு ஓரமாக வந்து, மாட்டுக்குப் புல் அறுக்கிற மாதிரி குனிந்துகொண்டே சொன்னார். "எங்க பெரிய கெடாயைத்தான் நிறுத்தறாங்களாமா. அதைத் தெனமும் நாந்தான் மோட்டார் தண்ணியில நிறுத்திக் குளிப்பாட்டறேன். தண்ணி பட்டா அசையாது சாமி, கல்லாட்டம் நிக்கும்." சொல்லிவிட்டு அறுத்த புல்லைச் சுமந்துகொண்டு போய்விட்டார். கேள்விக்கு முன்னாலேயே பதிலை எழுதி வைத்துவிட்டுத்தான் மூத்தார் சாமியிடம் போகிறார் என்று எனக்குப் புரிந்தது.

மறுநாள் பனி அந்த வாரத்திலேயே மோசம். முனியப்பன் கோயில் மூத்தார் காட்டுக்கு அந்தப் பக்கம், கூரை கிடையாது. வானத்தைப் பார்க்க உட்கார்ந்திருக்கும் பெரிய சிலை. மீசை ஒரு முழம் இருக்கும், கையில் அரிவாள். அன்றைக்கு மீசையும் தெரியவில்லை, அரிவாளும் தெரியவில்லை. ஐயனின் கால் மட்டும்தான் தெரிந்தது. அந்தக் காலைச் சுற்றி ஊர் ஆம்பிளைகள் ஜமுக்காளம், போர்வை, கோணிச்சாக்கு என்று ஆளுக்கொன்றைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். பெண் என்று நான் ஒருத்திதான்.

கிடாய்க்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. பாவம், அதற்கும் ஜலதோஷம். ஆனால் மூத்தார் ஒன்றை மறந்துவிட்டார். அக்கா தினமும் குளிப்பாட்டுவது போர்த்தண்ணீரில். அது காலையில் வெதுவெதுவென்று ஆவி பறக்க வரும். பூசாரி எடுத்து வந்ததோ ராத்திரி முழுக்கப் பனியில் வைத்த குடம். சொம்பில் மொண்டு கிடாயின் தலையில் ஊற்றினார். கிடாய் கண்ணை மூடிக்கொண்டது. பிறகு நடுங்க ஆரம்பித்தது. காதிலிருந்து வால்வரை நடுக்கம், நிற்கவே இல்லை. ஆனால் உதறவில்லை.

"துலுக்கிருச்சு" என்றார் ஒருவர்.

"எங்க துலுக்குச்சு? நடுங்குது."

"நடுங்கறதும் ஒரு துலுக்குத்தானுங்களே."

"அப்ப நீயுந்தான் வந்ததுலருந்து நடுங்கற. உன்னைய வெட்டிப்போடலாமா?"

இதை அவர்கள் விளையாட்டாகப் பேசவில்லை. பி.காம். படித்தவர் ஒருவர், கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர், தறிப்பட்டறை வைத்திருப்பவர் ஒருவர், எல்லோரும் கிடாயைச் சுற்றிக் குந்தி, நடுக்கம் எங்கே முடிகிறது, துலுக்கு எங்கே ஆரம்பிக்கிறது என்று கவனமாகப் பார்த்தார்கள். என் கிழங்கு அங்கே கறுத்துக்கொண்டிருக்காவிட்டால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்குக் கையில் கல் இருந்தால் எறிந்திருப்பேன்.

கடைசியில் பூசாரி தீர்ப்புச் சொன்னார். வெயில் வரட்டும், கிடாய் காயட்டும், மறுபடியும் கேட்போம். உடனே எல்லோருக்கும் சம்மதமாகிவிட்டது. ஒருவர் தன் போர்வையைக் கழற்றிக் கிடாய்க்குப் போர்த்தினார். டீக்கு ஆள் அனுப்பினார்கள். சூரியன் வரும்வரை சாமி காத்திருப்பார், கிழங்கு காத்திருக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

அப்போது என் போன் அடித்தது. லாரி டிரைவர். "அக்கா, வந்துட்டேன். ரோடே தெரியல. உங்க தடம் எது, ஒண்ணுமே புரியலியே."

"அங்கயே நில்லு தம்பி, வர்றேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். கொஞ்ச தூரத்திலேயே பனி என்னை மூடிக்கொண்டது. யாரும் கூப்பிடவில்லை. ஒருத்தி போய்விட்டாள் என்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

ரோட்டோரம் இரண்டு மஞ்சள் விளக்கு மட்டும் தெரிந்தது. டிரைவர் இறங்கி உழவைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "உழுத காடால்ல இருக்கு? வண்டி மாட்டிக்கிட்டா என் ஓனர் என்னை உரிச்சிடுவான்" என்றார்.

"மேலாலதான் தம்பி உழுதிருக்குது. அடியில எல்லாம் கெட்டி மண்ணு. என்ற காலைப் பாத்துக்கிட்டே வா."

செருப்பில் ஈரமண் அப்பிக்கொண்டு நடக்க விடவில்லை. கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன். போனில் லைட்டைப் போட்டுத் தரையைப் பார்க்கப் பிடித்தபடி லாரிக்கு முன்னால் நடந்தேன். பயமாக இருந்தது. தடத்தைவிட்டு ஒரு பக்கம் விலகினால் சக்கரம் புதைந்துவிடும், பிறகு ஊரே வந்து வேடிக்கை பார்க்கும். ஆனால் எத்தனையோ வருஷம் தலைச்சுமையோடு நடந்த வழி. உழவுக்குக் கீழே கெட்டியாக இருப்பது பாதத்துக்குத் தெரிந்தது. காலுக்கடியில் பொதபொதவென்றால் விலகுவேன், கெட்டியாக இருந்தால் நடப்பேன். பின்னால் லாரி உறுமிக்கொண்டே வந்தது. பாதி வழியில் பயம் போய், சொல்லப்போனால் ஒரே சந்தோஷமாக இருந்தது. ஊர்க்காரர்கள் பெருமை பேசிய பனி எனக்குத்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

ஆட்கள் மளமளவென்று ஏற்றினார்கள். லாரி தான் வந்த சுவட்டிலேயே திரும்பிப் போய் ரோட்டில் ஏறியது. சத்தம் கோயிலுக்குக் கேட்டிருக்கும். ஆனால் பனியில் சத்தம் எந்தத் திக்கிலிருந்து வருகிறது என்று யாருக்கும் பிடிபடாது. பைபாஸ் லாரி என்று நினைத்து இன்னொரு டீ குடித்திருப்பார்கள்.

நான் கோயிலுக்குத் திரும்பி வந்தபோது வெயில் வந்திருந்தது, ஐயனுக்கு மீசை முளைத்திருந்தது. கிடாய் காய்ந்து போர்வைக்குள் சுகமாக நின்றது. வெயிலில் வைத்திருந்த தண்ணீரை ஊற்றினார்கள். அக்கா சொன்னதுபோலக் கல்லாக நின்றது. இன்னொரு சொம்பு ஊற்றினார்கள். காதைக்கூட ஆட்டவில்லை. குல்லாவுக்குக் கீழே மூத்தாரின் வாய் ஓரம் லேசாக விரிந்தது. "ஐயன் உத்தரவு இல்லை. நான் என்ன பண்றது?" என்று கிடாயைப் பார்த்துச் சொன்னார்.

அவர் அதோடு விட்டிருக்கலாம். ஜெயித்த இடத்தை எல்லோருக்கும் காட்ட ஆசை வந்துவிட்டது. வாங்க, தடத்தை அடைத்துப் புது வரப்பு எங்கே வரப்போகிறது என்று பார்த்துவிடுங்கள் என்று எல்லோரையும் காட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார்.

உழவின் நடுவே, ரோட்டிலிருந்து என் காடுவரை, லாரிச் சக்கரம் அழுத்திய இரண்டு பட்டைகள் பளிச்சென்று ஓடின. கூட்டம் அப்படியே நின்றது.

என் காட்டில் இலை கூட்டிக்கொண்டிருந்த ஆள்காரப் பெண்ணைப் பூசாரி கேட்டார். "லாரி வந்துச்சா?"

"வந்துச்சுங்க. கெழங்கு ஏத்திக்கிட்டுப் போயிருச்சுங்க."

"இந்தப் பனியில ஆரு வழி காட்டுனா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஆகாயத்தைப் பார்த்தேன். "பனியில என்னத்தைங்க தெரிஞ்சுது?" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கூட்ட ஆரம்பித்தாள்.

பூசாரி குனிந்தார். இரண்டு பட்டைகளுக்கும் நடுவில், ஈர மண்ணில், ரோட்டுப் பக்கமிருந்து என் காடு பார்க்க, வெறுங்காலின் சுவடு வரிசையாகப் பதிந்திருந்தது. ஐந்து விரலும் அச்சாக விழுந்திருந்தது. பூசாரிக்கு உடம்பு சிலிர்த்தது, என் கண்ணால் பார்த்தேன்.

"அதானே பாத்தேன்! கெடா ஏன் துலுக்கலே? ஐயன் கோயில்ல இருந்தால்ல துலுக்கும். அவரு இங்க வந்து லாரிக்கு முன்னால நடந்திருக்காரு!"

"கால் சிறுசா இருக்குதுங்களே?" என்றார் பி.காம்.

"பாலகனா வந்திருக்காரு" என்றார் பூசாரி, யோசிக்காமல்.

ஒருவர்கூட மறுக்கவில்லை. மூத்தாரைப் பார்த்தேன். அவர் சுவடுகளைப் பார்த்தார். பிறகு, கல்யாணமாகி வந்ததிலிருந்து முதல் தடவையாக, ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். என்னிடம் தோற்பதைவிட முனியப்பனிடம் தோற்பது அவருக்கு எவ்வளவோ மேல். முதல் ஆளாகக் குல்லாவைக் கழற்றி, மடியிலிருந்த சூடத்தை என் வலது கால் சுவட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கொளுத்தினார். குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இது ஐயன் தடம். இதுல இனி ஏர் எறங்காது. ஆரும் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது" என்று எருமை இல்லாமல், எல்லோரையும் பார்த்தே சொன்னார்.

எல்லோரும் அவசர அவசரமாகச் செருப்பைக் கழற்றினார்கள். கழற்றுவதற்குச் செருப்பே இல்லாமல், கணுக்கால்வரை செம்மண் அப்பி நின்றது நான் மட்டும்தான். என் செருப்பு இடுப்பில் இருந்தது. யாரும் என் காலைப் பார்க்கவில்லை. அவ்வளவு பேரும் குனிந்து என் கால் சுவட்டைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சத்தம் கேட்டு வரப்புக்கு வந்திருந்த அக்கா மட்டும் பார்த்தார். சூடத்தைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் என் கையைப் பிடித்து மோட்டார் ரூமுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். தொட்டியில் ஒரு குடம் மொண்டு என் முழங்காலிலிருந்து ஊற்றினார். ராத்திரி முழுக்கப் பனியில் கிடந்த தண்ணீர். உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை எனக்கு உடம்பே ஒருமுறை உதறிப்போட்டது.

அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "துலுக்கியாச்சு. போ சாமி, தடம் உன்றதுதான்."